தாதிப் பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

"தாதியர் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எப்போது? அதற்கு எந்தப் புத்தகத்தைப் படிக்கவேண்டும்?" கெடாவில் பீடோங்கிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் எஸ்.பி.எம். எழுதி முடித்த பிறகு வந்து கேட்கிறார்கள். தங்கச்சி, தம்பி, தனியாக ஒரு நுழைவுத் தேர்வு என்று இங்கே கிடையாது. நீ எழுதி முடித்தாயே, அந்த எஸ்.பி.எம்.தான் அது. நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஆகவே இந்த அறிவுரைகள் இப்போது மூன்றாம், நான்காம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு. ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்களும் படிக்கலாம், கொஞ்சம் வேகமாக.

1. வாசல் எது என்று முதலில் தெரிந்துகொள்.

மூன்றாண்டு தாதிமை டிப்ளோமாவுக்கு மலேசியத் தாதியர் வாரியம் வழக்கமாகக் கேட்பது எஸ்.பி.எம்.இல் ஐந்து கிரெடிட். அந்த ஐந்தில் மலாய்மொழி ஒன்று, கணிதம் ஒன்று, ஏதேனும் ஓர் அறிவியல் பாடம் ஒன்று. மீதி இரண்டு வேறு எந்தப் பாடமாகவும் இருக்கலாம். அதோடு ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். டி, இ இரண்டும் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் ஆகாது.

தோட்டத்தில் பலருக்கு இன்னும் பழைய கணக்குத்தான் மனத்தில் இருக்கிறது. "அக்கா மூணு கிரெடிட்டுலதான போனா" என்பார்கள். 2010இல் மூன்று ஐந்தாகிவிட்டது. விதி இடையிடையே மாறக்கூடியது. அதனால் நீ விண்ணப்பிக்கும் ஆண்டில் வாரியமும் கல்லூரியும் வெளியிட்ட அறிவிப்பை நீயே உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பாதே.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவுச் சீட்டு எது தெரியுமா? எல்லாப் பாடத்திலும் தோற்ற சீட்டு இல்லை. தமிழில் ஏ, நன்னெறியில் ஏ, வரலாற்றில் பி, இன்னும் இரண்டு மூன்று கிரெடிட், கணிதத்தில் மட்டும் டி. அந்தப் பிள்ளையிடம் ஐந்தோ அதற்கு மேலோ கிரெடிட் இருக்கிறது. ஆனாலும் கதவு திறக்காது. எத்தனை ஏ என்று எண்ணுவதற்கு முன்னால், மலாய், கணிதம், அறிவியல் இந்த மூன்றும் சிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்.

சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிக்கு ஆசைப்பட்டால் (அலோர் ஸ்டாரிலேயே ஒன்று இருக்கிறது) ஐந்து கிரெடிட் என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம். அங்கே சியைவிட பி பேசும், பியைவிட ஏ பேசும்.

2. பிறப்புப் பத்திரத்தையும் மைகார்டையும் இன்றைக்கே எடுத்துப் பார்.

பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, அப்பா பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, அடையாள அட்டை நீலமா சிவப்பா என்று பார். தோட்டத்தில் பிறந்து, பதிவு தாமதமாகி, பள்ளி முடிக்கும் வயதில் விழித்துக்கொண்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேசியப் பதிவு இலாகாவில் ஒரு திருத்தம் செய்ய மாதக்கணக்கு ஆகலாம், குடியுரிமைச் சிக்கல் என்றால் வருடக்கணக்கு. விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

3. மலாய்மொழி உனக்குத் தெரியும் என்று நினைக்காதே.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கால் இடறும் இடம் இதுதான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, பிறகு இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு இருந்திருப்பாய். கடைக்காரரிடம், பஸ் ஓட்டுநரிடம், கூட்டாளிகளிடம் தடையில்லாமல் மலாய் பேசுவாய். அந்தச் சரளம்தான் ஆபத்து. அது பாசார் மலாய். "டியா காசி சாயா" என்று பேசிப் பழகிய வாய், தாளில் "டியா மெம்பெரி சாயா" என்று எழுதத் தடுமாறும். "சாயா புன்யா எமாக்" என்று பேசுகிறவர் கட்டுரையில் "இபு சாயா" என்று எழுதவேண்டும். பேச்சில் யாரும் திருத்தமாட்டார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் புரிகிறது. தேர்வுத்தாளில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போகும்.

பெரும்பாலான தவறு இம்புஹானில்தான், அதாவது சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுகிற ஒட்டுகளில். பெரி, மெம்பெரி, மெம்பெரிகான், டிபெரி, பெம்பெரியான். ஒரே வேர், ஐந்து வேலை. தமிழில் கொடு, கொடுத்தான், கொடுக்கப்பட்டது, கொடை என்று நீ யோசிக்காமலே மாற்றுகிறாய் அல்லவா, அந்தப் பழக்கம் மலாயிலும் வரவேண்டும். அதற்கு ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் போதும். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்ட ஒவ்வொரு ஒட்டுப் பிழையையும், அது வந்த முழு வாக்கியத்தோடு சேர்த்து, சரியான வடிவில் எழுதிவை. கடையில் விற்கும் இலக்கண நூலில் எல்லாருடைய தவறும் இருக்கும். இந்த நோட்டில் உன்னுடைய தவறு மட்டும் இருக்கும். ஒரு தவணை முடியும்போது அதே இருபது முப்பது பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாய் என்று உனக்கே தெரிந்துவிடும்.

கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. 'நெகிழிப் பையின் தீமைகள்', 'இளைஞரும் போதைப்பொருளும்' என்று பத்துக் கட்டுரையை நெட்டுருப் போட்டுக்கொண்டு போவார்கள், பதினொன்றாவது தலைப்பு வரும். அதைவிட நாள்தோறும் ஒரு பத்தி எழுது. காலையில் தோட்டத்தில் அல்லது தாமானில் நடந்த ஒன்றைப் பற்றி எட்டு வரி. ஒரு காரணம், ஓர் எடுத்துக்காட்டு, ஒரு விளைவு. ரூமுசான் எழுதுவதற்கும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். நீளமான ஒரு பகுதியைப் படித்து, தேவையானதை மட்டும் எடுத்து, சொல் வரம்புக்குள் சொல்லும் வேலை அது. நாளைக்கு வார்டில் ஷிப்டு மாறும்போது, இருபது நோயாளிகளைப் பற்றி அடுத்துவரும் தாதியிடம் சில நிமிடத்தில் சொல்லி ஒப்படைக்கவேண்டும். எவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, எவர் காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, எவருக்கு இரவு பன்னிரண்டுக்குமேல் சாப்பாடு கூடாது. நல்ல தாதி ஒருத்தி அதைச் சொல்லும்போது கேட்டால் தெரியும், அது ரூமுசான்தான்.

மலாய் நாளிதழில் சுகாதாரச் செய்தி எது வந்தாலும் அதை வாய்விட்டுப் படி. வாய்க்குப் பழகினால் பேச்சுத் தேர்வில் உதவும், பின்னால் நேர்முகத்திலும் உதவும்.

4. கணிதத்தில் ஓட்டை ஐந்தாம் படிவத்தில் இல்லை, முதல் மூன்று படிவத்தில் இருக்கிறது.

மேட்ரிக்ஸ் புரியவில்லை என்று டியூஷனுக்குப் போகிறார்கள். உட்கார்த்தி வைத்துக் கேட்டால், பின்னத்தைத் தசமமாக்கத் தெரியவில்லை, எதிர்ம எண்ணைக் கழிக்கத் தெரியவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சுவருக்குச் சாயம் பூசுவது போல இருக்கிறது இந்த டியூஷன். நான்காம் படிவம் தொடங்கும்போதே முதல் மூன்று படிவப் புத்தகங்களைத் தூசி தட்டி எடு. பின்னம், தசமம், விழுக்காடு, விகிதம், அலகு மாற்றம், எளிய இயற்கணிதம். இந்த ஆறும் கைவசமானால் மேல்வகுப்புப் பாடம் பாதி தானாக வரும்.

எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்று கேட்பாய். வார்டுக்கு வா.

பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மொத்தம் 180 மில்லிகிராம். அலமாரியில் உள்ள மருந்துப் புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் எத்தனை மில்லிலிட்டர்? 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கு: 7.5. சரி. இப்போது அலமாரியில் இருப்பது அதே மருந்தின் வேறொரு புட்டி, 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். இப்போது விடை 3.6 மில்லிலிட்டர். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல், பழக்கத்தில் 7.5ஐ ஊற்றினால் குழந்தைக்கு 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். இது மூன்றாம் படிவத்துக்குக் கீழே உள்ள விகிதக் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் மருத்துவமனைகளில் 500 மில்லிலிட்டர் டிரிப்பை 'ஒரு பைண்ட்' என்போம். ஒரு பைண்ட்டை எட்டு மணி நேரத்தில் ஏற்றவேண்டும். குழாயில் மில்லிலிட்டருக்கு 20 துளி விழும். நிமிடத்துக்கு எத்தனை துளி? 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 துளி. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 20.8, அதாவது 21 துளி. இயந்திரம் இல்லாத இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துத் துளியை எண்ணி வைப்பவள் தாதிதான்.

இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு இருக்கும். புள்ளி ஒன்று இடம் மாறினால் பத்து மடங்கு. கால்குலேட்டரைத் தட்டுவதற்கு முன்னால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனத்தில் ஒரு மதிப்பு போட்டுப் பழகு. தேர்விலும் அந்தப் பழக்கம் உன்னைக் காப்பாற்றும்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தாளில் 40 கேள்வி, தேர்ந்தெடுத்துக் குறிப்பது. இரண்டாம் தாளில் வழிமுறைக்கும் புள்ளி உண்டு. விடை தவறினாலும், வந்த வழி சரியென்றால் ஏதாவது கிடைக்கும். நம் பிள்ளைகள் தவறோ என்று பயந்து அழித்துவிட்டு வெறுமையாக விடுகிறார்கள். அழிக்காதே. தெரிந்தவரை எழுது. சி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒன்றிரண்டு புள்ளிகளால் வாங்கியவர்கள் என்பது என் எண்ணம்.

5. அறிவியலில் பெருமைக்காகப் பாடம் எடுக்காதே.

உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் எடுத்தால்தான் மதிப்பு என்று வீட்டில் சொல்வார்கள். உன்னால் முடியும் என்றால் எடு, மிகவும் நல்லது. உயிரியல் படித்தவளுக்குக் கல்லூரியின் முதலாண்டு பாதி பழகிய பாதை. ஆனால் மூன்றிலும் டி வாங்கினால் உன்னிடம் ஓர் அறிவியல் கிரெடிட்கூட இல்லை. பொது அறிவியலை எடுத்து அதில் பி வாங்கிய உன் தோழி கல்லூரிக்குள் இருப்பாள். வாரியம் கேட்பது ஓர் அறிவியல்தான். மூன்றாம் படிவ மதிப்பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு, ஆசிரியரிடம் உள்ளபடி கேட்டு முடிவு செய்.

பொது அறிவியலைக் குறைவாக நினைக்கிறவர்கள் நான்காம் படிவப் பாடநூலைத் திறந்து பார்க்கட்டும். இரண்டாவது அத்தியாயம் அவசர உதவி: நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்குவது, தொண்டையில் அடைத்ததை வெளியே தள்ளுவது. மூன்றாவது அத்தியாயம் உடல் வெப்பம், நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் எடைக் குறியீடு அளப்பது. தாதிப் பயிற்சியின் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். ஐந்தாம் படிவம் தொடங்குவதே நுண்ணுயிர்களில், கிருமி நீக்கத்தில், ஆண்டிபயாட்டிக்கில். அடுத்தது சத்துணவு. இந்த நாட்டில் சத்துணவை எந்தத் தாதியும் மறக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பவர்கள் நாம்.

இந்தப் பாடத்தை உட்கார்ந்து மனப்பாடம் செய்யாதே, உடம்பை வைத்துப் படி. பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணு. வயது வந்தவருக்கு 60 முதல் 100 வரை. உன் தம்பி பந்து விளையாடிவிட்டு வந்ததும் எண்ணு, அரைமணி நேரம் கழித்து மறுபடி எண்ணு. மாற்றியது, அதனால் மாறியது, மாறாமல் வைத்தது என்று தாளில் கேட்கிறார்களே, அந்தச் சோதனை உன் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிட்டது.

உயிரியல் எடுத்தவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன், அங்கே நின்று யோசித்துவிட்டுப் போ: சவ்வூடு பரவல். உப்புநீரில் போட்ட கிழங்கு துவளும், சாதாரண நீரில் போட்டது விறைக்கும் என்று எழுதி ஐந்து புள்ளி வாங்குவாய். டிரிப்பில் ஏற்றும் உப்புநீர் ஏன் 0.9 விழுக்காடு, சுத்தமான நீரையே ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார். ரத்தச் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி உடையும். கிழங்கும் ரத்த அணுவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. இது புரிந்துவிட்டால் அந்த அத்தியாயத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் பயமில்லை.

6. ஆங்கிலம் 'பாஸ்' போதும் என்று வாரியம் சொல்லலாம். நீ சொல்லாதே.

கல்லூரியில் உடலமைப்புப் பாடம், மருந்துப் பெயர்கள், நோயாளியின் குறிப்பேடு, மருத்துவர் எழுதும் உத்தரவு, எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள். தோட்டத்துப் பிள்ளைகள் பேச்சுத் தாளில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். வெட்கம்தான் காரணம். இலக்கணம் தவறினாலும் பரவாயில்லை, எதிரே இருப்பவரின் கேள்விக்குப் பதில் சொல். தெரிந்த கூட்டாளி ஒருவரோடு நாளுக்குப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

7. வரலாற்றை ஓரமாகத் தள்ளாதே.

மலாயிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013இல் வந்தது. மற்ற எட்டுப் பாடத்தில் நீ என்ன வாங்கினாலும் பயனில்லை. காலவரிசையில் ஒரு நீளத் தாளை ஒட்டி வைத்துப் படி. நம் கெடாவே அதில் வருகிறது: 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கிய சில நாளில் ஜித்ராவில் நடந்த சண்டை. அதற்குப் பிறகு சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்துச் சனங்களின் கதை உன் வீட்டிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். கேட்டு வை. நன்னெறிக் கல்வியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காகப் படித்தால் ஒரு கிரெடிட் வரும்.

8. தமிழை விடாதே.

மீதி இரண்டு கிரெடிட் எந்தப் பாடமாகவும் இருக்கலாம் என்றேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவர் அதில் ஒன்றாகத் தமிழை வைத்துக்கொள்ளாவிட்டால், கையிலிருப்பதை எறிகிற மாதிரி. "தமிழ்ல ஏ கிடைக்கிறது கஷ்டம், ரிசல்ட் கெட்டுப்போயிடும்" என்று பேசுவார்கள். ஏ கஷ்டம்தான். உனக்கு வேண்டியது முதலில் கிரெடிட்.

உன் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை என்றால், குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வழி உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அது இருக்கிறது. பதினைந்து கையெழுத்து வாங்க ஒரு சனிக்கிழமை போதும்.

புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. சுங்கை பட்டாணி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பகுதியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார். காலில் கட்டோடு வரும் கிழவி, "சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு மலாய் ஓரளவு தெரியும். ஆனால் குமட்டல், எரிச்சல், மதமதப்பு, குத்தல், இழுத்துப் பிடிக்கிறது, இதெல்லாம் தமிழில்தான் வரும். நோயைச் சொல்ல வாய்க்கு வரும் மொழியில் கேட்கிற தாதிக்குத்தான் முழு விவரமும் கிடைக்கும்.

9. எங்கே படிப்பது, யாரோடு படிப்பது.

லயத்து வீடோ தாமான் வீடோ, இரண்டு அறை, ஒரு தொலைக்காட்சி, ஏழு பேர். அமைதியான அறை உனக்குக் கிடைக்காது, அதற்காகக் காத்திருக்காதே. பள்ளி முடிந்ததும் பஸ் வரும்வரை நூலகத்தில் உட்கார். கோயில் மண்டபம், பொதுமண்டபம், பாலர்பள்ளி, மாலையில் காலியாகக் கிடக்கும் எந்த இடமானாலும் கேட்டுப் பார். டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இப்படித்தான் கிடைத்த இடங்களில் வகுப்பு நடத்தி வளர்ந்தது. பல்கலைக்கழக மாணவர்களே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். உன் வட்டாரத்தில் அவர்கள் வகுப்பு நடந்தால் சேர்ந்துகொள்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து படியுங்கள், ஆனால் ஒருவர் பலவீனம் இன்னொருவர் பலமாக இருக்கும்படி சேருங்கள். கணிதம் வராத நாலு பேர் சேர்ந்தால் அரட்டைதான் வரும். கடந்த ஆண்டுத் தாள்களை நேரம் வைத்து எழுது. பத்து ஆண்டுத் தாளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட மூன்று ஆண்டுத் தாளை எழுதி, திருத்தி, ஏன் தவறியது என்று எழுதிவைப்பது மேல். புதிய பாடத்திட்டத்துத் தாள்தானா என்று பார்த்துக்கொள். பழைய வடிவத்தில் பழகிப்போய்த் திகைத்தவர்கள் உண்டு.

10. தேர்வுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள மாதங்கள்.

என் அனுபவத்தில் தேர்வில் தோற்றவர்களைவிட இங்கே காணாமல் போனவர்கள்தான் அதிகம். எஸ்.பி.எம். முடிந்த மறுவாரம் கூலிம் ஹை-டெக் பார்க் தொழிற்சாலை பஸ் வாசலில் வந்து நிற்கும். ஓவர்டைமோடு முதல் சம்பளம் கைக்கு வரும். புதிய கைப்பேசி, அடுத்தது மோட்டார் சைக்கிள், அதற்கு மாதத் தவணை. முடிவு வரும்போது நல்ல மதிப்பெண் வந்திருக்கும், ஆனால் தவணை ஓடிக்கொண்டிருக்கும். படிக்கப் போனால் யார் கட்டுவது? வேலைக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன், பல வீடுகளில் அந்தப் பணம் தேவை. தவணைக்கு எதையும் வாங்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த மாதங்களில்தான் ஏஜெண்டுகளும் வருவார்கள். மடிக்கணினி இலவசம், தங்குமிடம் இலவசம், கடன் நாங்களே வாங்கித் தருகிறோம் என்பார்கள். மூன்று கேள்வி கேள். இந்த டிப்ளோமாவை மலேசியத் தாதியர் வாரியம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா? மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் இருக்கிறதா? பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் வாய்ப்பேச்சில் பதில் சொன்னால் போதாது, தாளில் காட்டவேண்டும். படிப்பு முடிந்ததும் வாரியத்தின் தேர்வை எழுதித் தேறிப் பதிவு செய்தால்தான் நீ தாதி. வாரியம் ஏற்காத கல்லூரியில் மூன்றாண்டு படித்தால் மிஞ்சுவது பி.டி.பி.டி.என். கடன் மட்டும்தான். தனியார் கல்லூரிகள் கணக்கில்லாமல் பெருகிய காலத்தில், படித்துவிட்டு வேலையில்லாமல் கடனோடு நின்ற பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருந்தார்கள்.

தம்பிகளுக்கு ஒரு குறிப்பு: தாதிமை பெண்கள் வேலை என்று ஒதுங்கவேண்டாம். அது மனத்துக்கு ஒட்டவில்லை என்றால், அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 'டிரஸ்ஸர்' என்று நம்மவர்கள் மரியாதையாகக் கூப்பிட்டவர்களின் இன்றைய வடிவமான உதவி மருத்துவ அதிகாரி வேலை இருக்கிறது. அதற்கும் மூன்றாண்டு டிப்ளோமாதான்.

11. நேர்முகத்தில் "சேவை செய்யணும்" என்று தொடங்காதே.

உனக்கு முன்னால் போன அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் சொல். தாத்தாவின் காலில் புண் ஆறாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது, அங்கே என்ன கண்டாய், அது ஏன் ஆறவில்லை என்று நினைக்கிறாய். டெங்கிக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் கொசுவின் பெயரோடு நின்றுவிடாதே. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஏன் அதிகக் கவனம் வேண்டும், ரத்தத் தட்டுகளை ஏன் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்திருக்கட்டும். மலாயில் கேட்டால் மலாயில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில். தெரியாததைத் தெரியாது என்று சொல். வார்டில் தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்பவளைக் கண்டுதான் நாங்கள் பயப்படுவோம், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் அது தெரியும். இரவு ஷிப்டு, மலம் துடைப்பது, தீபாவளியன்று வேலை, இதற்கெல்லாம் சம்மதமா என்று கேட்டால் உடனே தலையாட்டாதே. வீட்டிலேயே யோசித்து வைத்த பதிலைச் சொல்.

12. ஒரு பாடம் கவிழ்ந்துவிட்டால்.

மலாயிலோ வரலாற்றிலோ தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு. மற்ற பாடத்தில் டி வந்து நின்றால், அடுத்த எஸ்.பி.எம்.முக்குத் தனியார் தேர்வாளராகப் பதிந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். ஒன்பதையும் மறுபடி எழுதவேண்டியதில்லை. பதிவுக்கான தேதி முடிவு வந்த சில வாரத்திலேயே தாண்டிப்போகக்கூடும், ஆகையால் அழுகையை இரண்டு நாளில் முடித்துவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரி. இரண்டு ஆண்டுச் சான்றிதழ்களைச் சேர்த்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா என்று, நீ போக நினைக்கும் கல்லூரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி, மைகார்டின் நகலோடு அதே கோப்பில் வைத்துக்கொள்.